மூன்றாவது கல்

வியாசர்பாடி
9-6-2025

தம்பி ஜெயவேலுக்கு,

அக்கா வரலட்சுமி எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு வரவில்லை. நீ நலமாக இருந்தால் எனக்குக் கோபம் வரும். நலமில்லை என்றால் அழுகை வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

போன் அடித்து அலுத்துவிட்டேன். இரண்டு வருஷமாக மணி போகிறது, நீ எடுப்பதில்லை. ஒரே ஒரு முறை எடுத்தாய். நான் பேசப் பேச "ஆங், ஆங்" என்றாய், வைத்துவிட்டாய். அன்றைக்கு நான் சொன்னது, எனக்குக் கண் ஆபரேஷன், வந்து பக்கத்தில் நில் என்று. ஆங் என்றவன் வரவே இல்லை. எதிர் வீட்டு முத்தம்மாதான் வந்து கையெழுத்துப் போட்டாள். "தம்பின்னு ஒருத்தன் கீறான்னியே, எங்கக்கா?" என்று கேட்டாள்.

இப்போது எழுதுவது மலை விஷயமாக. இந்த ஆடிக் கடைசி ஞாயிறு ஆகஸ்ட் பத்தாம் தேதி வருகிறது. வழக்கம்போல நம் பிளாக்கிலிருந்து அன்புமணி வேன் எடுக்கிறான். வந்தவாசிப் பக்கம் அந்த இரண்டு மலையும் ஏன் எதிரெதிரே நிற்கின்றன என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன், காதில் ஏறட்டும்.

ஆடு மேய்த்த அக்காவும் தம்பியும். ஒரு வாய் கூழுக்குச் சண்டை. ஆளுக்கொரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மழை பிடித்துக்கொண்டது, நடுவில் ஓடையில் வெள்ளம். அக்கா கூப்பிட்டாள். தம்பிக்குக் கேட்டது. கேட்டும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று நினைத்து அவள் இறங்கித் தேடினாள், திரும்பவில்லை. அதற்கப்புறம் அவன் ஏழு நாள் "இருக்கேன் அக்கா, இருக்கேன்" என்று கத்தினானாம். கத்திக் கத்தியே கல்லாகிப் போனானாம்.

அதனால்தான் இன்றைக்கும் அக்கா பாறையில் நின்று அக்காமார் கூப்பிட்டால், தம்பிப் பாறையில் நிற்கிற தம்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இருக்கேன். நம் பேச்சில் கீறேன். அதற்கா உனக்கு வாய் வலிக்கிறது?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? முத்தம்மா தன் தம்பி அய்யாத்துரையைக் கூப்பிட்டாள். நீ முந்திக்கொண்டு "கீறேங்க்கா" என்றாய். ஜனமெல்லாம் சிரித்தது. அடுத்தது என் முறை. நான் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். ஊரார் அக்காவுக்கெல்லாம் பதில் சொல்வாய், என் குரல் மட்டும் உனக்குக் கசக்கிறது. போன வருஷமும் அதே கதை. அந்த முறை நீ யாருக்குமே வாயைத் திறக்கவில்லை.

பதில் வராத அக்கா கல் வைக்க வேண்டும் என்பது வழக்கம். இரண்டு வருஷம், இரண்டு கல் வைத்துவிட்டேன். மூன்றாவது வைத்தால் என்ன ஆகும் என்று பூசாரி எல்லார் முன்னாலும் சொன்னார். "அதோட உறவு அறுந்துச்சும்மா. நல்லது கெட்டது எதுக்கும் ஒருத்தர் வாசல்ல ஒருத்தர் நிக்கக் கூடாது."

அம்மாவுக்குப் பிறகு இந்த வீடு என் பேருக்கு வந்ததுதான் காரணம் என்றால் வாயைத் திறந்து சொல். சாவியைக் கொடுத்துவிட்டு நான் எங்காவது போகிறேன். ஆனால் சொல். இந்த ஆடிக்கு வருவாயா, பதில் சொல்வாயா, அதை எழுது.

அக்கா

---

எர்ணாவூர்
17-6-2025

அக்கா,

கடிதம் வந்தது. வீடு காரணம் இல்லை. அந்த வீடு உன்னுடையது. அம்மாவைப் படுக்கையில் வைத்துப் பார்த்தது நீ.

கண் ஆபரேஷன் நடந்தது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். இப்போது பார்வை எப்படி இருக்கிறது? வெயிலில் போகும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

காட்டுப்பள்ளியில் கப்பல் வரத்து அதிகம். யார்டில் எனக்குத் தினமும் டூட்டி இருக்கிறது. கிரேனுக்குக் கீழே நின்று சிக்னல் கொடுக்க என்னை விட்டால் பழைய ஆள் இல்லை. ஆகஸ்ட் பத்தாம் தேதி லீவு கிடைக்காது. அதனால் வர முடியாது.

கல் வைக்காதே. இது மட்டும்தான் நான் கேட்பது.

ஒன்று சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நடுவில் நாலு வரி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கப் பார்க்காதே.

ஜெயவேல்

---

வியாசர்பாடி
23-6-2025

ஜெயவேலுக்கு,

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடிப்பதிலாவது கெட்டிக்காரனாக இருக்கிறாய்.

கடிதம் பார்த்துத்தான் ஆபரேஷன் தெரியுமாம். நான் போனில் சொன்னதெல்லாம் யாருக்கு, காற்றுக்கா?

இதைக் கேள். இரண்டு கல் விழுந்தவர்கள் மலையில் பதில் வரும்வரை முகம் பார்க்கக் கூடாது, வாசல் மிதிக்கக் கூடாது. தெரிந்தேதான் நேற்று நான் வந்தேன். உன் கல்லும் வேண்டாம் கத்திரிக்காயும் வேண்டாம், நேரில் நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று வந்தேன். காசிமேட்டில் நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்து, கேரியரில் எடுத்துக்கொண்டு, இரண்டு ஷேர் ஆட்டோ மாறி வந்தேன்.

வாசலில் உன் செருப்பு கிடந்தது. கதவைத் தட்டினேன். பக்கத்து அறை ஜோபின் எட்டிப் பார்த்து, "உள்ளதான் கீறாரு, இப்பதான் தண்ணி புச்சிகினு போனாரு, நல்லா தட்டு ஆயா" என்றான். ஆயாவாம். அதையும் பொறுத்துக்கொண்டு தட்டினேன். அரை மணி நேரம் தட்டினேன், கை வீங்கிப் போயிற்று. கடைசியில் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நீ வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். டிவியில் படம் ஓடியது. சத்தம் இல்லை. நான் வந்தது தெரிந்ததும் சத்தத்தை அணைத்துவிட்டாய்.

அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் திட்டியதை அந்தச் சந்து முழுக்கக் கேட்டது. நீயும் கேட்டிருப்பாய். கேரியரை ஜோபினிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் கணவர் போன அன்று கூட நான் இப்படித் தனியாக உணரவில்லை. அன்றைக்கு நீ பக்கத்தில் நின்றாய்.

போதும். ஆகஸ்ட் பத்தாம் தேதி மூன்றாவது கல்லை வைத்துவிடுகிறேன். நீ நிம்மதியாக டிவி பார்.

வரலட்சுமி

---

எர்ணாவூர்
28-6-2025

அக்கா,

இந்த முறை எதையும் அடிக்கப் போவதில்லை.

எனக்குக் காது கேட்காது. வலது காது நாலு வருஷத்துக்கு முன்பே போயிற்று. இடது கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இப்போது இரண்டு வருஷமாக அதுவும் இல்லை. யார்டுக்கு வரும் முன்னால் பதினெட்டு வருஷம் கப்பலில் துருத் தட்டினேனே, இரும்புத் தொட்டிக்குள் உட்கார்ந்து சுத்தியல் அடித்தது காதைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் எழுதிக் காட்டினார், நான் படித்துக்கொண்டேன்.

நீ தட்டியது எனக்குக் கேட்கவில்லை. டிவிக்கு நான் சத்தம் வைப்பதே இல்லை. முன்பு ஒருமுறை எவ்வளவு என்று தெரியாமல் வைத்து, சந்தே சண்டைக்கு வந்தது. அதிலிருந்து படம் மட்டும்தான். ஜோபின் கேரியரோடு வந்து தோளைத் தொட்டபோது நீ போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாப்புவரை ஓடினேன். குழம்பை இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டேன்.

அந்தப் போனையும் சொல்கிறேன். பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். எடுக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று எடுத்து ஆங் ஆங் என்றேன். நீ என்ன சொன்னாய் என்று தெரியாது. திரும்பக் கேட்க முடியவில்லை. அது உன் கண் ஆபரேஷன் என்று படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி மலை விஷயம். அங்கே வரிசையாகத் தம்பிகள் நிற்கிறோம். எதிர்ப்பாறையில் புடவைகள் எறும்பு மாதிரி தெரிகின்றன. யார் கூப்பிடுகிறார்கள், எப்போது என் முறை, ஒன்றும் தெரியாது. பக்கத்தில் இருந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சரி, நீதான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துக் கத்திவிட்டேன். எல்லார் வாயும் சிரித்தது. அது முத்தம்மா என்பது உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். சிரிப்புக்குப் பயந்துதான் பிறகு வாயை மூடிக்கொண்டேன். உன்னைக் கேலி செய்யவில்லை அக்கா. போன வருஷம் யாருடைய அக்காவுக்கோ பதில் சொல்லி உன்னை மறுபடி அவமானப்படுத்துவதைவிடப் பேசாமல் நிற்பது மேல் என்று நின்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சிக்னல்மேனுக்குக் காது கேட்காது என்றால் அன்றைக்கே யார்டு கேட்டுக்கு வெளியே. எனக்கு அந்த வேலையை விட்டால் பேச்சுத் துணை கிடையாது. கிரேன் ஓட்டுகிற காஜா மொய்தீன் ஒருவனுக்கு மட்டும் தெரியும். மேலே கேபினில் அவன், கீழே நான், நடுவில் கை ஜாடை. கையால் பேசுகிற இடத்தில் நான் யாருக்கும் குறைந்தவன் இல்லை. உன்னிடம் சொன்னால் நீ முத்தம்மாவிடம் சொல்வாய், அவள் அய்யாத்துரையிடம் சொல்வாள், அவனும் எங்கள் யார்டில்தான் இருக்கிறான். வீட்டுக்காகக் கோபம் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று. அது என் தப்பு.

போன வாரம் காஜா தன் மகள் நவ்ரீனைக் காலேஜில் சேர்க்க லீவு போட்டான். கேபினில் புது ஆள். எனக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் ரிவர்ஸ் வந்திருக்கிறது. எல்லாரும் கத்தியிருக்கிறார்கள். நான் மேலே பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தேன். வண்டி என் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டு நின்றது. அந்த நேரம் என் கையை நம்பிக் கன்டெய்னர் பெட்டி ஒன்று ஆகாசத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கீழே நாலு பேர் நின்றார்கள். நான் போனால் அழுவதற்கு யாரும் இல்லை. அவர்கள் அப்படி இல்லை.

மறுநாள் காலை நானே போய், எனக்குக் காது கேட்காது, வேலையை விடுகிறேன் என்று சூப்பர்வைசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். காஜா வந்து என் எதிரே நின்று, எனக்குப் புரியட்டும் என்று வாயை மெதுவாக அசைத்துக் கேட்டான். "இன்னா மாமு, நம்ம ரெண்டு பேரும் நல்லாதானே ஓட்டிகினு இருந்தோம்?" அவன் அழுதான்.

அதற்கப்புறம் அறையில்தான் இருக்கிறேன். போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டேன். நீ கல் வைப்பதானால் வை. காரணம் தெரிந்து வை.

ஜெயவேல்

---

வியாசர்பாடி
5-7-2025

என் தம்பி ஜெயவேலுக்கு,

உன் கடிதத்தைக் குழாயடியில் நின்று பிரித்தேன். குடம் நிரம்பி வழிந்ததைப் பார்க்கவில்லை. பின்னால் நின்றவள் "இன்னாக்கா, லவ் லெட்டரா?" என்று கேட்டாள். நான் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். குழாயில் தண்ணீர் நின்றுபோயிற்று. அன்றைக்குச் சமையல் கிடையாது.

செவிடன் என்று சொல்ல வெட்கப்பட்டு இரண்டு வருஷம் ஊமையாக நடித்திருக்கிறாய். உன்னை என்ன செய்தால் தகும்? ஆனால் எனக்கும் வேண்டும். உன் முகத்தைப் பார்த்துப் பேசியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். நான் எப்போதும் அடுப்பைப் பார்த்துத்தான் பேசுவேன், உனக்குப் பரிமாறும்போதுகூட. ஜன்னல் வழியாகத் திட்டியது கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அதில் சில வார்த்தை நம் அம்மாவையும் சேர்த்துத் திட்டியதாக ஆகிவிடும்.

நான் போனால் அழ ஆள் இல்லை என்று இன்னொரு முறை எழுதினால் பார்.

முத்தம்மாவிடம் சொல்லவில்லை. இனிச் சொன்னாலும் ஒன்றுமில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

இப்போதே ஓடி வந்துவிடலாம் என்றுதான் கால் துடிக்கிறது. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. வழக்கத்தை மீறி ஒரு நாள் உன் வாசலுக்கு வந்தேன், வயிறெரிந்து திரும்பினேன். இரண்டு கல் அங்கே கிடக்கிறது. மலையில் ஏறி நான் கூப்பிட்டு, நீ பதில் சொல்லி, அதை அந்தப் பாறைகள் கேட்கட்டும். அதற்கப்புறம் யார் தடுத்தாலும் வருவேன். என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள், பரவாயில்லை.

நீ அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் வந்து தம்பிப் பாறையில் ஏறிக்கொள். நான் வேனில் வந்து இந்தப் பக்கம் ஏறுகிறேன். நான் கூப்பிடுவது உனக்குத் தெரிய என்ன வழி? நீதான் கை ஜாடைக்காரன், நீயே சொல்.

அக்கா

---

எர்ணாவூர்
14-7-2025

அக்கா,

இந்தப் பார்சலில் ஒரு பச்சைக் கொடி இருக்கிறது. யார்டில் நான் பிடித்தது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தேன், இதை மட்டும் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன்.

கூப்பிடும்போது இதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடி. ஆட்டாதே, ஆட்டினால் வேறு புடவைகளோடு கலந்துவிடும். நேராகப் பிடித்தால் எவ்வளவு தூரத்திலும் எனக்குத் தெரியும். பார்த்ததும் பதில் சொல்கிறேன்.

ஒரு பயம் மட்டும். என் குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. ஜோபினை நிற்க வைத்து இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முதலில் கேட்கவில்லை என்றான், அடுத்த முறை காதைப் பொத்திக்கொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் காது மெஷினுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் வரச் சொன்னார்கள். கொஞ்சம்தான் கேட்கும் என்றார்கள்.

சாயங்காலத்தில் கடலோரம் கல்லில் போய் உட்காருகிறேன். அலை வந்து அடிப்பது தெரிகிறது. சத்தமில்லாத கடலைப் பார்த்தால் அது நம்மைக் கண்டுகொள்ளாதது போல இருக்கிறது. நாள் முழுக்க யாரும் என் பேரைக் கூப்பிட்டதாக எனக்குத் தெரிவதில்லை. ஒருவேளை கூப்பிடுகிறார்களோ என்னவோ.

பத்தாம் தேதி பார்க்கிறேன். முகம் தெரியாது, கொடி தெரியும்.

ஜெயவேல்

---

எர்ணாவூர்
11-8-2025

அக்கா,

நான் போயிருந்தேன். அதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்கே தம்பிப் பாறைக்கு வந்துவிட்டேன். இவ்வளவு அழகான இடத்தை நான் இதுவரை பார்த்ததே இல்லை என்று தோன்றியது, எப்போதும் எதிர்ப்பாறையையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மழை பெய்து பாறையெல்லாம் கறுத்துப் பளபளத்தது. உருண்டைக் கல் மேல் கல்லாக, விழுந்துவிடும் போல, ஆனால் விழாமல். சுனையில் அல்லி பூத்திருந்தது. கீழே ஏரிகள் வரிசையாகத் தெரிந்தன. பிறகு மேகம் இறங்கிவிட்டது.

ஒன்பது மணிக்குப் பூசாரி மேளம் அடிக்கச் சொன்னார். மேகம் விலகும்போதெல்லாம் எதிரே பார்த்தேன். புடவைகள் தெரிந்தன. கொடி இல்லை. ஒவ்வொரு தம்பியாகப் பதில் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அய்யாத்துரையும் சொல்லிவிட்டுப் போனான். பதினோரு மணிக்கு நான் மட்டும் நின்றேன். அந்தப் பக்கமும் எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

கொடி வராமல் பேசக் கூடாது என்று இருந்தேன். அப்புறம் முடியவில்லை. பேசிவிட்டேன். எத்தனை முறை என்று தெரியாது. தொண்டை எரிந்ததும் நிறுத்திவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் இல்லை.

அப்புறம் வந்த பூசாரி என்னவோ சொன்னார், நான் காதைக் காட்டியதும், அக்கா வராவிட்டால் தம்பி கல் வைக்க வேண்டும் என்று தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். வைத்தேன். சின்னக் கல்தான். பின்பக்கம் இறங்கி ஒன்றரை மணிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

நீ யோசித்து ஒரு முடிவு எடுத்திருப்பாய். நான் செய்ததற்கு அது சரிதான். கோபம் இல்லை. கொடியைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஜெயவேல்

---

வியாசர்பாடி
13-8-2025

அட பாவி ஜெயவேலு,

இந்தக் கடிதத்தைத் தபால்காரர் கையில் கொடுத்து, அவர் கால் பிடித்தாவது சனிக்கிழமைக்குள் சேர்க்கச் சொல்லப் போகிறேன்.

நான் வந்தேன். ஆறு மணிக்கே வந்தேன். கொடியை இடுப்பில் செருகிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஏறினேன். மழை ஈரம். நாற்பதாவது படியோ என்னவோ, கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். கணுக்கால் உடனே பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அன்புமணியும் முத்தம்மாவும் தூக்கிக்கொண்டு போய் ஓடைப் பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார வைத்தார்கள். கட்டுவதற்குத் துணி வேண்டும் என்று கேட்டார்கள். கையில் இருந்தது உன் கொடிதான். மேலே பிடிக்க வேண்டியதைக் காலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேலே ஆளை அனுப்பி நான் கீழே இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அன்புமணி போனான். அவன் அக்கா பாறையில் நின்று, மேளம் அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்காதபோது, உனக்குக் கத்திச் சொல்லியிருக்கிறான், கெட்டிக்காரன். உன் காது விஷயம் அவனுக்கு நான் சொல்லியிருந்தால்தானே.

பதினோரு மணிக்கு மேலே உன் குரல் வந்தது.

ஜெயவேலு, கூப்பிடுவதற்கு யாரும் இல்லை. மேளம் நின்றுவிட்டது. கீழே அடுப்பில் பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. நீ "கீறேங்க்கா" என்றாய். எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொன்னது. மறுபடியும் "கீறேங்க்கா" என்றாய். யாரும் கூப்பிடாமலே கீறேன் கீறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். குழந்தைகள் விளையாட்டை நிறுத்திவிட்டன. முத்தம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். "கேக்குதுடா, கேக்குதுடா ஜெயவேலு" என்று கத்தினேன். அப்புறம் முத்தம்மா கத்தினாள். அப்புறம் மரத்தடியில் இருந்த அத்தனை பேரும் கத்தினார்கள். உனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன் குரல் கம்மிக் கம்மி நின்றுபோயிற்று. ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தேன், விழுந்தேன். நாலு பேர் ஓடைக்குள் இறங்கி உன் பக்கம் ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேர்வதற்குள் நீ பின்பக்கம் இறங்கிவிட்டாய்.

அவர்கள் பூசாரியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். "கூப்புடாமலே பதில் சொன்னவனுக்குக் கல்லு எதுக்கு?" என்று அவரே நீ வைத்ததை எடுத்து ஓடையில் வீசிவிட்டாராம். அக்கா பாறையில் கிடந்த என் இரண்டு கல்லையும் அன்புமணி எடுத்து என் மடியில் கொண்டுவந்து போட்டான். நான் என் கையாலேயே ஓடையில் எறிந்தேன். உன் கடிதத்தைப் பார்க்கும்வரை, நீ வைத்தது சின்னக் கல் என்று எனக்குத் தெரியாது. அதைப் படித்துத்தான் எனக்கு அதிகம் அழுகை வந்தது.

இனிமேல் நமக்குள் தடை எதுவும் இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் உன் அறைக்கு வருகிறேன். எலும்பு உடையவில்லை, பிசகுதான். முத்தம்மா கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வருகிறாள். அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், இனி ஊருக்கே தெரியும், நல்லதுதான். நெத்திலி கிடைத்தால் நெத்திலி, இல்லாவிட்டால் எது கிடைக்கிறதோ அது. போன தடவைக் கேரியரைக் கழுவி வை.

நான் தட்ட மாட்டேன். தட்டி ஒரு புண்ணியமும் இல்லை. அதனால் அன்றைக்குக் கதவைத் தாழ் போடாதே. டிவியைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்காராதே. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்.

அக்கா